அரசாணையும் அடுக்களையும்

அரசு என்னும் சொல்லைக் கேட்ட அளவில் மாந்தர் மனக்கண்ணில் தோன்றுவன கொடியும் கோட்டையும் மன்றமும் படையுமே. அடுக்களை தோன்றுவதில்லை. ஆயினும் அரசின் ஆணை ஈற்றில் சென்று தங்கும் இடம் அடுக்களையே. குழாயில் வரும் நீர், வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை, குப்பை அள்ள வண்டி வரும் நாள், பிள்ளை படிக்கும் பள்ளி நிற்கும் நிலம், திருவிழாவுக்குக் கிடைக்கும் விடுமுறை ஆகியவற்றுள் அரசின் கை படாதது ஒன்றும் இல்லை. ஆணை பிறக்கும் இடம் அலுவலகம். அது வாழும் இடம் இல்லம்.

இவ்வுண்மை எளிதாயினும் இதிலிருந்து எழும் வினா எளிதன்று. பொதுநலம் கருதி ஓர் அரசு எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தின் வாழ்வைக் குலைக்குமாயின், அக்குடும்பத்துக்கு அவ்வரசு கடன்பட்டதாகுமா? கடன்பட்டது எனின், அக்கடன் பணத்தால் மட்டும் தீர்வதா? முடிவை எடுத்தவர் பதவி நீங்கிவிட்டால் அக்கடன் யாரைச் சாரும்? இவை சட்ட வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் அற வினாக்களாகும். பினாங்கு மாநிலத்தின் வரலாறு இவற்றை ஆராய்வதற்கு நல்லதொரு களமாய் அமைந்துள்ளது.

மூன்று வாயில்கள்

மலேசியக் குடிமகன் ஒருவன் மூன்று அரசுகளின் கீழ் ஒரே வேளையில் வாழ்கின்றான். கூட்டரசு, மாநில அரசு, நகராண்மை என்பன அவை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை இவற்றின் எல்லைகளை வகுத்துள்ளது. கல்வி, மருத்துவம், பாதுகாப்பு, நிதி முதலியன கூட்டரசின் பொறுப்பு. நிலம், வேளாண்மை, காடு, நகராண்மை முதலியன மாநிலத்தின் பொறுப்பு. நீர் வழங்கல் 2005 வரை மாநிலத்துக்கே உரியதாய் இருந்து, பின்னர் இரண்டுக்கும் பொதுவாயிற்று.

ஏட்டில் இப்பிரிவு தெளிவாய் இருக்கின்றது. வாழ்க்கையில் அவ்வாறு இல்லை. பினாங்கிலுள்ள 28 தமிழ்ப்பள்ளிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்வி கூட்டரசுக்கு உரியதாதலின், பாடத்திட்டமும் ஆசிரியர் ஊதியமும் அங்கிருந்தே வருகின்றன. ஆனால் பள்ளிக்கூடம் வானத்தில் நிற்பதில்லை, நிலத்தின்மேல் நிற்கின்றது. நிலமோ மாநிலத்துக்கு உரிய பொருள். அரசாங்க நிலத்தில் அமையாத பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே எண்ணப்படுவதால், கூரை மாற்றவும் கழிவறை கட்டவும் பெற்றோரும் பள்ளி வாரியமும் ஊரார் வாயில்களைத் தட்ட நேர்கின்றது. இந்நிலையை உணர்ந்தே, கல்வி தனக்கு உரிய துறை அன்றாயினும், பினாங்கு மாநில அரசு கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் வழங்கி வருகின்றது. ஆகவே, ஒரு சிறுமி அமர்ந்து படிக்கும் நாற்காலியை இரண்டு அரசுகள் தாங்கிப் பிடிக்கின்றன. அவற்றுள் ஒன்று கையை எடுத்தாலும் நாற்காலி ஆடும்.

அண்டை மாநிலங்கள் இரண்டை ஒப்பிட்டால் மாநில அரசின் ஆற்றல் இன்னும் விளங்கும். பினாங்கில் தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறை நாள். கெடாவிலோ 2021ஆம் ஆண்டில் அவ்விடுமுறை வழங்கப்படவில்லை. இரு மாநிலங்களுக்கும் இடையில் மூடா ஆறு சில இடங்களில் எல்லையாய் ஓடுகின்றது. ஆற்றின் ஒரு கரையில் உள்ளவன் காவடி எடுக்க, மறு கரையில் உள்ள அவன் உடன்பிறந்தான் வேலைக்குச் செல்ல நேரிடும். பக்தியில் இருவரும் ஒருவரே, அரசாணையில் இருவர். அந்த மூடா ஆற்று நீரே பினாங்கு மக்கள் குடிக்கும் நீரின் பெரும்பகுதி என்பதையும் நினைத்தால், ஒரு மாநிலத்தின் அடுக்களை மற்றொரு மாநிலத்தின் முடிவையும் நம்பி இருக்கின்றது என்பது புலனாகும்.

மாற்றத்தின் இரு முகங்கள்

அரசின் கொள்கை எல்லாம் குடிகளுக்குத் தீங்கென்று கொள்ளுதல் பேதைமை. பினாங்கின் கதையே அதற்குச் சான்று. 1786இல் தீர்வையற்ற துறைமுகமாய்த் தொடங்கிய இத்தீவு, 1969இல் அச்சிறப்பை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த கடைகளும் கிட்டங்கிகளும் சுமைகூலிகளும் தளர்ந்தனர். வேலையின்மை பெருகிற்று. அந்நிலையில் மாநில அரசு 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவியது. 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் எழுந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன.

அதன் விளைவு வீட்டுக்குள்ளும் புகுந்தது. அதுவரை தோட்டத்திலும் கம்பத்திலும் அடங்கியிருந்த இளம்பெண்கள் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். மாதந்தோறும் கையில் ஊதியம் கண்டனர். தம்பி தங்கையரின் படிப்புச் செலவுக்கு அண்ணன்மாரோடு அக்காள்மாரும் தோள் கொடுத்தனர். மகளின் திருமணப் பேச்சில் அவள் சொல்லுக்கும் இடம் உண்டாயிற்று. அதே வேளையில், முறைமாற்று வேலையால் இரவு பகலாயிற்று, பகல் இரவாயிற்று. ஒரு கூரையின் கீழ் வாழ்வோர் ஒருங்கே அமர்ந்து உண்ணுதல் அரிதாயிற்று. ஓர் அரசாணை வறுமையையும் நீக்கிற்று. வீட்டின் பொழுதையும் மாற்றிற்று. நன்மையும் இழப்பும் ஒரே வாயிலின் வழியாகவே நுழைந்தன.

சிறிய ஆணைகளும் இவ்வாறே. 2009இல் திங்கட்கிழமைகளில் கடைகளில் இலவச நெகிழிப் பை இல்லை என்று மாநில அரசு அறிவித்தது. 2011 முதல் எல்லா நாளும் அவ்வாறே ஆயிற்று. பை வேண்டுவோர் 20 காசு கொடுத்தனர். தொடக்கத்தில் முணுமுணுத்த இல்லத்தரசியர் பின்னர்த் துணிப்பையோடு புறப்படப் பழகினர். பாட்டிமார் முன்னாளில் செய்ததையே பேத்திமார் ஆணையின் பேரில் மீண்டும் கற்றனர். இங்கு இழப்பு சிறிது. அதை எல்லாரும் பங்கிட்டுக் கொண்டனர். பயன் வருந்தலைமுறைக்கும் உரியது. ஆதலின் இவ்வாணையில் அறச்சிக்கல் மிகுதியாக இல்லை.

சிக்கல் எழுவது எங்கே எனின், பயன் பலருக்கும் இழப்புச் சிலருக்கும் என்று பிரியும் இடத்திலேயாம். ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் இதற்கு எடுத்துக்காட்டு. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டி வைத்திருந்தது. பினாங்கில் மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் நிழலில் இருந்தன. உரிமையாளர்க்கு அது பெருங்குறை. கிடைக்கும் வாடகை ஓடு மாற்றவும் போதாது. குடியிருந்தோர்க்கோ அது உயிர்நிலை. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்காலத் தவணையும் 1999 இறுதியோடு முடிந்தது. 2000 தொடக்கத்தில் வாடகைகள் ஏறின. தலைமுறை தலைமுறையாய் அத்தெருக்களில் வாழ்ந்த தையற்காரரும் சிறு வணிகரும் கைவினைஞரும் வெளியேறத் தொடங்கினர். சட்டத்தை நீக்கியது கூட்டரசு. ஆனால் வீடிழந்தோர் வந்து நின்றது மாநிலத்தின் வாயிலில். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலையில், ஜோர்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமை நகராய் அறிவிக்கப்பட்டது. பல இன மக்களின் வாழும் பண்பாடு அச்சிறப்புக்குரிய காரணங்களுள் ஒன்று. சுவர்கள் காக்கப்பட்டன; அச்சுவர்களுக்குள் வாழ்ந்தோருள் பலர் அதற்குள் அங்கு இல்லை.

கம்போங் புவா பாலா

இழப்பு ஒரு சிறு குழுவினர்மேல் முழுமையாய் விழுந்த நிகழ்ச்சி ஒன்றைப் பினாங்குத் தமிழர் மறத்தற்கில்லை. தீவின் குளுகோர் வட்டாரத்தில் கம்போங் புவா பாலா என்றொரு சிற்றூர் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தோரின் வழிவந்த தமிழர் அங்கு வாழ்ந்தனர். மாடும் ஆடும் வளர்த்தனர். பால் கறந்து விற்றனர். பொங்கல் நாளில் மாட்டுக்கு மாலை சூட்டும் வழக்கம், நகரத்தின் நடுவே அங்கு இயல்பாய் நிலவிற்று. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்தபோதும் அச்சிற்றூர் ஒரு பழைய தமிழ்க் கிராமத்தின் சாயலோடு நின்றது.

அந்நிலம் மாநில அரசின் நிலம். 2008க்கு முன்னிருந்த ஆட்சியில், மாநில அரசு அதிகாரிகளின் கூட்டுறவுக் கழகம் ஒன்றுக்கு அதை வழங்க இசைவு தரப்பட்டது. 2008 மார்ச்சில் பொதுத்தேர்தல் நடந்தது, ஆட்சி மாறிற்று. நிலத்தின் உரிமை மாறிய செய்தியும், அங்கு வீடமைப்புத் திட்டம் வரவிருக்கும் செய்தியும் ஊரை உலுக்கின. மக்கள் நீதிமன்றத்தை நாடினர். 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அவர்தம் மனுவை ஏற்க மறுத்தது. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. பேச்சுவார்த்தையின் பயனாய்ச் சில குடும்பங்கள் மாற்று வீடு பெற இசைந்தன, ஏனையோர் இசையவில்லை. ஊரார் ஒற்றுமையும் அவ்விசைவின்மேல் இரண்டாய்ப் பிளந்தது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிக் கட்சிகள் ஒன்றையொன்று பழித்தன. முன்னவர் செய்த செயலின் விளைவு என்றனர் பின்னவர். பின்னவர் தடுத்திருக்கலாம் என்றனர் முன்னவர். இரண்டு கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கக் கூடும். ஆனால் இடிந்த வீட்டின் முன் நின்ற மூதாட்டிக்கு அவ்வழக்கு எவ்வகையிலும் பொருள்படாது. அவள் அறிந்தது அரசு ஒன்றே. ஒரு கை எழுதிற்று; மறு கை இடித்தது; இரண்டும் ஓர் உடலின் கைகள் என்றே அவள் கொள்வாள். அவள் கொள்வதே முறை. ஆட்சியாளர் மாறலாம், அரசு மாறுவதில்லை. முன்னோர் சேர்த்த கருவூலத்தைப் பெற்றுக்கொள்ளும் புதிய ஆட்சி, முன்னோர் வைத்த கடனையும் ஏற்றல் வேண்டும். சொத்துக்கு வாரிசாய் வந்து கடனுக்கு அயலாராய் நிற்றல் குடும்பத்திலும் அறமன்று, அரசிலும் அறமன்று.

பாண்டியன் காட்டிய வழி

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது ஆணையிட்டான். கோவலன் மடிந்தான். கண்ணகி சிலம்போடு வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்நிலையில் அம்மன்னன் கூறியிருக்கக் கூடிய சாக்குகள் பல. பொய் சொன்னவன் பொற்கொல்லன் என்றிருக்கலாம். வாள் வீசியவன் காவலன் என்றிருக்கலாம். களவுக்கு அதுவே நாட்டு வழக்கம் என்றிருக்கலாம். அவன் ஒன்றும் கூறவில்லை. தவறு தன்னதே என்று ஏற்று உயிர் துறந்தான். அதனாலேயே கொடுங்கோலன் என்ற பழியிலிருந்து அவன் ஒருவாறு மீண்டான்.

இக்கால அரசு பாண்டியனின் அரசினும் பலவகையில் மேம்பட்டது. வழக்கறிஞர் உண்டு, மேல்முறையீடு உண்டு, இழப்பீடு உண்டு. ஆனால் அன்று இருந்த ஒன்று இன்று அருகி வருகின்றது. அதுவே பொறுப்பேற்கும் முகம். ஒரு முடிவு இன்று பல மேசைகளைக் கடந்து வருகின்றது. ஒருவர் பரிந்துரைக்கின்றார், ஒருவர் சரிபார்க்கின்றார், ஒரு குழு இசைகின்றது, ஒருவர் கையெழுத்திடுகின்றார், வேறொருவர் செயற்படுத்துகின்றார். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சட்டப்படி செய்கின்றனர். ஈற்றில் ஒரு குடும்பம் தெருவில் நிற்கின்றது. அதைச் செய்தவர் என்று சுட்டுதற்கு ஒருவரும் இல்லை. தீயவர் எவரும் இன்றியே தீமை நிகழ்கின்றது. இக்கால ஆட்சியின் பெரும் அறச்சிக்கல் இதுவே எனலாம். பாண்டியன் முன் கண்ணகி நின்றாள். இன்றைய கண்ணகி கோப்பின் முன் நிற்கின்றாள். கோப்புக்கு நாணம் இல்லை.

திருக்குறளின் அதிகார வைப்பு இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. செங்கோன்மை 55ஆம் அதிகாரம். கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரம். செங்கோன்மைக்கு முன்னே 54ஆம் அதிகாரமாய் வள்ளுவர் வைத்தது பொச்சாவாமை, அஃதாவது மறவாமை. கொடுங்கோன்மைக்குப் பின்னே வெருவந்த செய்யாமையும் கண்ணோட்டமும் தொடர்கின்றன. இவ்வைப்பை ஊன்றி நோக்கின் ஒரு கருத்துப் புலனாகும். முறை செய்தற்கு முன் மறவாமை வேண்டும். முறை செய்த பின்னும் அச்சுறுத்தாமையும் இரக்கமும் வேண்டும். சட்டப்படி நடத்தல் நடுவில் உள்ள ஒரு படி மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் படிகள் உண்டு.

மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழும். ஒவ்வொரு குடும்பத்தின் உடன்பாட்டையும் எதிர்பார்த்தால் பாலம் கட்ட முடியுமா? 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் எழுந்திருக்குமா? தொழிற்சாலை வந்திருக்குமா? வீடற்றோர்க்கு அடுக்குமாடி கிடைத்திருக்குமா? சிலர் இழந்தே பலர் பெறுகின்றனர்; இஃது உலக இயற்கை என்பர்.

இம்மறுப்பில் வலிமை உண்டு. அதைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆயினும் அது மெய்ப்பிப்பது ஒன்றையே. சில வேளைகளில் சிலர் இழக்க நேரும் என்பதை மட்டுமே. இழப்போரை எப்படி நடத்துவது என்பதற்கு அது விடை தரவில்லை. பொதுநலத்துக்காக ஒருவன் தன் வீட்டை இழப்பானாயின், அவன் பொதுமக்களுக்குக் கொடை வழங்கியவன் ஆகின்றான். கொடையாளியைத் தடையாளியாய் நடத்துவது முறையன்று. பொதுமக்கள் அவனுக்குக் கடன்பட்டவர்கள். அரசு அக்கடனைத் தீர்க்கும் கை.

அக்கடன் மூவகைப்படும். முதலாவது, காலத்தே அறிவித்தல். இடிக்கும் நாளன்று, திட்டம் தீட்டும் நாளன்றே அறிவித்தல் வேண்டும். இரண்டாவது, செவிசாய்த்தல். முடிவு எழுதி முடித்த பின் கேட்பது கேட்பதாகாது. மூன்றாவது, ஈடு செய்தல். நிலத்தின் விலை வேறு. வாழ்வின் விலை வேறு. மாடு வளர்த்தவனுக்கு மாடியில் வீடு கொடுத்தால் கூரை கிடைக்கும், தொழில் கிடைக்காது. கோயிலும் உறவும் அண்டை வீடும் ஒருங்கே அமைந்த ஊரைப் பிரித்துப் பல இடங்களில் குடியமர்த்தினால் வீடுகள் கிடைக்கும்; ஊர் கிடைக்காது. ஈடு செய்ய இயலாததை இயலாது என்று ஒப்புக்கொள்வதும் ஈட்டின் ஒரு பகுதியே. அவ்வொப்புதல் இல்லாத இழப்பீடு கூலி கொடுத்து அனுப்புதல் போலாகும்.

ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழனின் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிற்று. கன்றிழந்த பசுவும் அதை அசைத்தது. ஈழத்தை ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இத்தகைய கதை வழங்குகின்றது. வாயற்ற உயிரும் அடையக் கூடிய உயரத்தில் மணியின் கயிறு இருந்தது என்பதே அக்கதையின் உயிர்நாடி.

பினாங்கில் அக்கயிறு ஒருகாலத்தில் மக்கள் கையில் இருந்தது. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951இல் ஜோர்ஜ்டவுனில் நடந்தது. வடிகால் அடைத்தாலும் தெருவிளக்கு அணைந்தாலும் தாம் வாக்களித்த உறுப்பினரிடம் மக்கள் முறையிட்டனர். 1965இல் நாடு முழுதும் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டத்தின்படி உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர். 2012இல் பினாங்குச் சட்டமன்றம் அத்தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றிற்று. மாநிலத்துக்கு அவ்வதிகாரம் இல்லையென 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமகனுக்கு மிக அருகில் உள்ள அரசே அவன் வாக்குக்கு எட்டாத அரசாய் நிற்பது எண்ணத்தக்கது. மணி இருக்கின்றது, கயிறு சற்று உயரத்தில் இருக்கின்றது.

குடிகளின் கடன்

அரசின் கடனைப் பேசும்போது குடிகளின் கடனை மறைத்தல் ஆகாது. தற்காலிக உரிமத்தில் நிலத்தை ஆள்வோர் இன்றும் உளர். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, அவ்வுரிமம் அவ்வாண்டு இறுதிக்கு மேல் செல்லாது. மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். உரிமம் பெற்றவர் இறப்பின் அதுவும் முடிந்துபோம். மக்களுக்கு வழிவழியாய்ச் செல்லாது. ஐம்பது ஆண்டுகள் தவறாது கட்டணம் செலுத்திய தந்தை, நிலம் தனதே என நம்பி இறக்கின்றார். மகன் கையில் எஞ்சுவன இரசீதுகள். இரசீது உரிமையாகாது என்பதை அவன் அறியும் நாள், அறிந்து பயனில்லாத நாளாய் இருக்கின்றது.

இவ்வறியாமை விதியன்று, கல்வியின் குறை. எந்த அலுவலகம் எதற்குரியது, பட்டாவுக்கும் உரிமத்துக்கும் வேறுபாடு யாது, நகராண்மை ஒட்டும் அறிவிப்பை எவ்வாறு படிப்பது, எத்தனை நாளுக்குள் மறுப்பு எழுதுவது என்பனவற்றை அறியாத தலைமுறை, இலக்கியத்தில் செங்கோன்மையைப் படித்தும் பயன் முழுமையாய்ப் பெறாது. செங்கோன்மையைக் கற்பிக்கும் ஆசிரியர் அதே வகுப்பில் ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதவும் பயிற்றுவாராயின், வள்ளுவர்க்கு அதனால் குறைவு உண்டாகாது, பெருமையே உண்டாகும். கண்ணகி மன்றத்தில் வென்றது கண்ணீரால் மட்டுமன்று. சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்பதை அவள் அறிந்திருந்தாள். அதைச் சான்றாய்க் கையில் வைத்திருந்தாள். துயரத்தோடு சான்றும் சேர்ந்தபோதே அரசு தலைகுனிந்தது.

ஆகவே, நல்லாட்சி என்பது இரு பக்கத்தாரின் விழிப்பால் அமைவது. ஆணையை எழுதுவோர் அது சென்று சேரும் அடுக்களையை மனத்தால் கண்ட பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும். அடுக்களையில் வாழ்வோர், ஆணை வாயிலை அடையும் முன்னரே அதைப் படிக்கக் கற்றல் வேண்டும். எழுதுவோர் மறவாதிருக்கவும், வாழ்வோர் அயராதிருக்கவும் கற்ற மாநிலத்தில், வளர்ச்சியின் விலையை எளியோர் சிலரே செலுத்தும் நிலை இராது.